திறமையா, அதிர்ஷ்டமா: ஒரு வீடு, நான்கு பேர், 14 ஆட்டங்கள்

2024 மே கடைசியில் அக்கா குடும்பம் சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கியது. எங்கள் வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில். ஆறு மணலாகக் கிடந்த நேரம். வயலில் வேலை இல்லை, வெளியே தலைகாட்ட முடியாத வெயில். அக்கா மகன் தன் பையிலிருந்து நின்டெண்டோ ஸ்விட்ச் என்கிற வீடியோ கேம் கருவியை எடுத்துக் கூடத்து டிவியில் மாட்டினான். மே 27 தொடங்கி, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாளான ஜூன் 9 வரை, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அதில் மரியோ பார்ட்டி ஒரு ஆட்டம். 14 ராத்திரி, 14 ஆட்டம்.

ஆடியவர்கள் நான்கு பேர். அக்கா மகனுக்கு 15 வயது. இந்த விளையாட்டை நாலைந்து வருடமாக ஆடி வருபவன். கும்பகோணத்திலிருந்து வந்த அண்ணன் மகளுக்கு 13. என் மகளுக்கு 9. நான்காவது ஆள் என் அம்மா, 64 வயது. ஒருத்தனுக்கு அம்மாச்சி, மற்ற இருவருக்கும் அப்பாயி. நான் ஆடவில்லை. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாவது ராத்திரி சண்டை வந்தது. இந்த ஆட்டத்தில் அதிக நட்சத்திரம் சேர்த்தவர்தான் ஜெயித்தவர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மினி கேம் என்று ஒரு குட்டிப் போட்டி வரும். பத்துச் சுற்றும் முடிந்தபோது அக்கா மகனிடம் மூன்று நட்சத்திரம், என் மகளிடம் இரண்டு. பத்து மினி கேமில் ஏழை அவன்தான் ஜெயித்திருந்தான். அப்புறம் போனஸ் அறிவிப்பு வந்தது. அதிகத் தூரம் நகர்ந்தவருக்கு ஒரு நட்சத்திரம், நிகழ்வுக் கட்டத்தில் (போய் நின்றால் போர்டில் ஏதாவது நடக்கும் கட்டம்) அதிகம் நின்றவருக்கு ஒரு நட்சத்திரம். இரண்டும் என் மகளுக்கே விழுந்தன. நாலுக்கு மூன்று. அவள் துள்ளிக் குதித்தாள். அவன் கன்ட்ரோலரைப் பாயில் போட்டுவிட்டு எழுந்தான்.

"இது கேமே இல்ல மாமா, லாட்டரி. நான் ஒழுங்கா ஆடினதுக்கு என்ன அர்த்தம்?"

அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் மிச்சமிருந்த ஒன்பது ஆட்டங்களையும் கொஞ்சம் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தோம்.

ஆட்டத்தின் அமைப்பு

மரியோ பார்ட்டி வரிசையின் முதல் விளையாட்டு 1998 டிசம்பரில் ஜப்பானில் நின்டெண்டோ 64 என்கிற பழைய கருவிக்காக வந்தது. நாங்கள் ஆடியது 2021 அக்டோபரில் வந்த மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ். பழைய போர்டுகளையும் மினி கேம்களையும் எடுத்துப் புதுப்பித்துக் கொடுத்தது. தாயக் கட்டம் போல ஒரு போர்டு. 1 முதல் 10 வரை விழும் பகடை. நால்வரும் ஒருமுறை உருட்டி முடித்ததும் ஒரு மினி கேம் வரும். அதில் ஜெயித்தவருக்குப் பத்துக் காசு. போர்டில் எங்கோ ஓரிடத்தில் நட்சத்திரம் இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்து 20 காசு கொடுத்தால் அது நம்முடையது. கடைசியில் அதிக நட்சத்திரம் வைத்திருப்பவர் ஜெயித்தவர்.

அக்கா மகனின் கோபத்துக்குக் காரணம் இந்த அமைப்புக்குள்தான் இருக்கிறது. ஏழு மினி கேம் ஜெயித்தால் 70 காசு, மூன்று நட்சத்திரத்துக்கான விலை. ஆனால் கையில் காசு இருந்தால் போதாது, நட்சத்திரம் இருக்கிற இடத்துக்குப் போயாக வேண்டும். அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பகடை. விரல் வேகத்தில் சம்பாதித்ததைப் பகடையின் வழியாகத்தான் செலவழிக்க முடியும். ஐந்தாவது ஆட்டத்தில் கடைசி மூன்று சுற்றும் அவன் பையில் காசு சும்மா கிடந்தது. நட்சத்திரம் போர்டின் மறுகோடியில் இருந்தது. அவனுக்கு விழுந்தவையோ 2, 3, 2.

மினி கேமை மட்டும் தனியாகப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. பத்து மினி கேமில் ஆறுக்குக் குறைவாக அவன் ஜெயித்ததாக நோட்டில் இருப்பது இரண்டே ஆட்டம். நாலு பேர் ஆடும் போட்டியில் குருட்டாம்போக்கில் இப்படி ராத்திரிக்கு ராத்திரி நடக்காது. அது திறமை. ஆனால் ஆட்டத்தின் முடிவை மட்டும் பார்த்தால் கதை வேறு. 14 ஆட்டத்தில் அவன் ஜெயித்தது 6, அம்மா 4, அண்ணன் மகள் 3, என் மகள் 1.

ஆறு அதிகம்தானே என்று தோன்றும். முழுக்க முழுக்க அதிர்ஷ்டமே என்றால் ஆளுக்குச் சராசரி மூன்றரை. ஆனாலும் நாலு பேரும் சம வாய்ப்போடு 14 முறை சீட்டுக் குலுக்கினால்கூட, நாம் முன்கூட்டியே பெயர் சொல்லி வைத்த ஒருவருக்கு ஆறோ அதற்கு மேலோ விழ ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதாவது வெறும் வெற்றி எண்ணிக்கையை வைத்து அவன் திறமைசாலி என்று அடித்துச் சொல்ல முடியாது. 14 ஆட்டம் என்பது நமக்குப் பெரிதாகத் தெரிகிறது, கணக்குக்கு அது மிகச் சிறிது. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் நூற்றுக்கு 60 தடவை ஜெயிக்கக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும் என்று வைத்தால் அவருக்கு வாய்ப்பு 65 சதவீதத்தைத் தொடும். ஏழில் நாலு என்று வைத்தாலும் 71 சதவீதம்தான். திறமை தன்னைக் காட்டிக்கொள்ள நிறைய ஆட்டம் வேண்டும். ஒரு ராத்திரி தோற்றவன் அடுத்த ராத்திரியும் உட்காருவதற்கும் இதுதான் காரணம்.

போனஸ் இல்லாமல் நாலு ஆட்டம்

ஜூன் 1 முதல் 4 வரை அக்கா மகன் கேட்டபடியே போனஸ் நட்சத்திரத்தை அணைத்துவிட்டோம். செட்டிங்கிலேயே அதற்கு வழி இருக்கிறது. நாலில் மூன்றை அவன் ஜெயித்தான். அவன் முகத்தில் பழைய களை திரும்பியது. அவன் கேட்டது தவறும் இல்லை. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்கிற சண்டை விளையாட்டின் போட்டிகளில் நடுவில் விழும் பொருட்களை அணைத்துவிட்டு ஆடுவதுதான் வழக்கம். அந்த வரிசையில் 2008-இல் வந்த பிரால் என்ற பதிப்பில் கதாபாத்திரம் ஓடும்போது தானாகவே தடுக்கி விழும் அம்சத்தை வைத்தார்கள். தீவிரமாக ஆடுகிறவர்கள் அதை வெறுத்தார்கள். அடுத்து வந்த பதிப்பில் அது இல்லை. பயிற்சி எடுத்து, ஊர்விட்டு ஊர் வந்து போட்டிக்கு உட்கார்ந்தவனை ஒரு தடுக்கல் தோற்கடித்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் எங்கள் கூடத்தில் நடந்தது வேறு. ஆறாவது ஆட்டத்தில் ஏழாம் சுற்றிலேயே என் மகள் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, தன் முறை வரும்போது யாராவது தட்டினால்தான் உருட்டினாள். ஏழாவது ஆட்டத்தில் தூக்கம் வருகிறது என்றாள். ஜூன் 4 தேர்தல் முடிவு வந்த நாள். டிவியைப் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஸ்விட்சைத் தனியாக எடுத்துத் திண்ணையில் நிறுத்தி, அந்தச் சின்னத் திரையில் நாலு தலையும் முட்டிக்கொள்ள ஆடினார்கள். அதில் என் மகள் தலை பாதியிலேயே எழுந்துபோய்விட்டது. உள்ளே போய் ஓட்டு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஓட்டு எண்ணிக்கை பார்க்கிறாள் என்றால் ஆட்டம் அவளை எவ்வளவு கைவிட்டிருக்க வேண்டும்! அவள் இடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து ஆடி முடித்தார்கள். ஜெயித்த அக்கா மகனும் அன்றைக்குச் சத்தம் போடவில்லை.

ஒன்பது வயதும் 64 வயதும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்றால் கடைசிச் சுற்று வரைக்கும் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வழி திறந்திருக்க வேண்டும். பார்ட்டி கேமில் அதிர்ஷ்டத்துக்கு இருக்கிற வேலை அதுதான். திறமையைக் கெடுப்பதற்காக அதை வைக்கவில்லை. ஆளைப் பாயில் தக்கவைக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த அதிர்ஷ்டமும் இதைச் செய்துவிடுமா என்பது வேறு கேள்வி.

இடையில் ஒன்று. பின்தங்கியவருக்குக் கை கொடுப்பதும் அதிர்ஷ்டமும் ஒன்றல்ல. மரியோ கார்ட் என்கிற கார்ப் பந்தய விளையாட்டில் பின்னால் வருபவருக்கு நல்ல பொருள் கிடைக்கும். முதலில் ஓடுபவரைத் தேடிப்போய் அடிக்கும் நீல ஆமை ஓடு 1996-இல் வந்த மரியோ கார்ட் 64-லேயே இருக்கிறது. அது விதி. எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்தவன் அதற்கேற்றபடி ஓட்டுவான். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து "லக்கு" என்று சொன்னதில்தான் பாதிச் சண்டை.

அம்மாவின் பகடை

போனஸ் இல்லாத நாலு ஆட்டத்தில் அக்கா மகன் தோற்றது ஒன்றே ஒன்று. ஜூன் 3. அதை ஜெயித்தது அம்மா. அன்றைக்கு அம்மா ஜெயித்த மினி கேம் ஒன்றுதான். பட்டன் எது என்று தேடுவதற்குள் மினி கேம் முடிந்துவிடும். அப்படியிருந்தும் எப்படி ஜெயித்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்று ஆடியது யோஷி தீவு போர்டு. இரண்டு தீவு, நடுவில் பாலம். ஒரு தீவில் நட்சத்திரம், மற்றதில் பவுசர் என்கிற வில்லன். நிகழ்வுக் கட்டத்தில் யார் வந்து நின்றாலும் நட்சத்திரமும் பவுசரும் இடம் மாறிக்கொள்ளும். அம்மா நாலாவது சுற்றில் ஒரு விசேஷப் பகடையை வாங்கியிருந்தார். வேண்டிய எண்ணை நாமே வைத்துக்கொள்ளலாம். அதை உடனே உபயோகிக்கச் சொல்லி மூன்று பேரும் கத்தினார்கள். அம்மா கேட்கவில்லை. ஐந்தாவது சுற்று போனது, ஆறு, ஏழு போனது. கையிலேயே வைத்திருந்தார்.

எட்டாவது சுற்று. அக்கா மகன் நட்சத்திரத்துக்கு நாலு கட்டம் முன்னால் நிற்கிறான், கையில் 40 காசுக்கு மேல். அவனுக்கு முந்தின முறை அம்மாவுடையது. அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கன்ட்ரோலரை அருவாமனையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்து, திரையில் விரல் வைத்துக் கட்டத்தை எண்ணினார். ஆறு. பகடையில் 6 வைத்தார். நிகழ்வுக் கட்டத்தில் போய் நின்றார். நட்சத்திரம் அவர் இருக்கிற தீவுக்கு வந்துவிட்டது. அக்கா மகன் இருக்கிற பக்கம் பவுசர். அவனுக்கு வேறு வழி இல்லை, உருட்டித்தான் ஆக வேண்டும். பவுசரிடம் காசைப் பறிகொடுத்தான். அடுத்த சுற்றில் அம்மா நட்சத்திரத்தை வாங்கினார்.

"எப்படி அம்மாச்சி?" என்று கேட்டான். அந்தக் குரலில் கோபம் இல்லை.

"அடுத்தவன் காய் எங்க வருதுன்னு பாக்காம தாயம் ஆடுவாங்களாடா?"

அம்மா 50 வருடத்துக்கு மேல் தாயம் ஆடுபவர். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: வெறும் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது 1, இரண்டே விதத்தில்தான் வரும். எட்டில் ஒரு பங்கு. தாயம் விழாமல் காய் இறங்காது. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்க 26 சதவீதம் வாய்ப்பு. லூடோவில் ஆறு விழாமல் பத்து முறை போக 16 சதவீதம்தான். ஆக, லூடோவை விடத் தாயம்தான் ஆளை அதிகம் காக்க வைக்கும் ஆட்டம். இவ்வளவு அதிர்ஷ்டம் இருந்தும் எங்கள் தெருவில் தாயத்தில் யாரை ஜெயிக்க முடியாது என்று கேட்டால் எல்லாரும் இரண்டு மூன்று பெயரைத்தான் சொல்வார்கள். விழுந்த எண்ணை எந்தக் காய்க்கு வைப்பது, எப்போது மலை என்கிற வெட்ட முடியாத கட்டத்தில் பத்திரமாக நிற்பது, எப்போது வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்று இறங்கிப் போவது என்பதெல்லாம் ஆடுபவர் கையில்.

பரமபதத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஸ்ரீரங்கத்திலும் எங்கள் பக்கத்து வீடுகளிலும் ஆடுகிற அதே பரமபதம். அதில் ஆடுபவர் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. உருட்டுவது, ஏறுவது, பாம்பிடம் கடிபட்டு இறங்குவது. அது கண்விழிக்க வைக்கும், ஆனால் யாரும் பரமபதத்தில் கெட்டிக்காரர் ஆனதில்லை. பகடை இருப்பதால் தாயமும் பரமபதமும் ஒரே ரகம் ஆகிவிடாது.

அதனால் அக்கா மகனுக்கு என் பதில் இது. உன் விரலில் இருப்பது ஒரு திறமை. அம்மாவிடம் இருப்பது இன்னொரு திறமை. வாய்ப்பை எண்ணி, காத்திருந்து, எங்கே நிற்பது என்று முடிவெடுப்பது. அதை "லக்கு" என்று சொல்லித் தள்ளினால் அவர் ஆட்டத்தை நீ பார்க்கவே இல்லை என்று அர்த்தம். இந்த வீட்டில் இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வயதானவர்கள் ஜெயித்தால் அதிர்ஷ்டம், பிள்ளைகள் ஜெயித்தால் திறமை என்று பேசுவது எங்களுக்கே தெரியாமல் பழகிவிட்டது.

நம் நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 1968-இல் ஆந்திரத்து வழக்கு ஒன்றில், ரம்மியில் சீட்டு விழுவது அதிர்ஷ்டம் என்றாலும் விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொண்டு எதைப் போடுவது என்பதும் திறமை, அதனால் அது பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் தமிழ்நாட்டிலிருந்து போன குதிரைப் பந்தய வழக்கிலும் எது மேலோங்கி நிற்கிறது என்பதே அளவுகோல். அங்கே பணம் இருக்கிறது, அதனால் ஏதாவது ஒரு பக்கம் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். பாயில் உட்கார்ந்து ஆடும் நமக்கு அந்த அவசரம் இல்லை.

முன்னால் வரும் அதிர்ஷ்டம், பின்னால் வரும் அதிர்ஷ்டம்

ஜூன் 5 காலையில் அப்பா திண்ணையில் உட்கார்ந்து குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும். அந்த வருடம் அணையில் தண்ணீர் இல்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் கடைசியில் திறந்தது ஜூலை 28. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அப்பா சொன்னது இவ்வளவுதான்: "தண்ணி வராதுன்னு இப்பவே தெரிஞ்சா போர் தண்ணிக்கு எவ்வளவு நடலாம்னு பாத்துக்கலாம். நட்டு முடிச்சப்புறம் வராதுன்னா என்ன செய்ய முடியும்?"

என் நோட்டில் இருந்த குழப்பம் அங்கே தெளிந்தது. பகடை விழுகிறது, அப்புறம் நாம் முடிவெடுக்கிறோம் என்றால், அந்த அதிர்ஷ்டம் நமக்கு ஒரு கேள்வியைக் கொடுக்கிறது. தாயக்கட்டை அப்படித்தான். எல்லா முடிவும் எடுத்து முடித்த பிறகு வந்து எதையாவது மாற்றிப்போட்டால் அதற்குப் பதில் சொல்ல நமக்கு முறை மிச்சமில்லை. ஐந்தாவது ஆட்டத்தின் போனஸ் அந்த ரகம். எதற்குப் பரிசு என்று தெரியாமலே பத்துச் சுற்று ஆடிவிட்டார்கள். என் மகள் அதிகம் நகர்ந்ததும் தெரிந்து செய்ததல்ல, அவன் நகராததும் தெரிந்து செய்ததல்ல. ஆகவே அவன் கோபம் சரி, அவன் சொன்ன காரணம்தான் சரியில்லை. ஆட்டத்தில் அதிர்ஷ்டம் இருந்தது குற்றம் இல்லை. அது வந்த நேரம்தான் தப்பு.

அன்று ராத்திரி நால்வரையும் உட்காரவைத்துப் பேசினோம். வழி சொன்னது அம்மாதான். "பரிசு எதுக்குன்னு முன்னாடியே சொல்லிட்டு ஆடுவோம்." விளையாட்டின் போனஸை அணைத்தே வைத்தோம். வீட்டுப் போனஸ் இரண்டு: கடைசியில் கையில் அதிகக் காசு இருப்பவருக்கு ஒரு நட்சத்திரம், நிகழ்வுக் கட்டத்தில் அதிகம் நின்றவருக்கு ஒன்று. காசு திரையிலேயே தெரியும். நிகழ்வுக் கட்டத்துக்கு நான் நோட்டில் கோடு போட்டேன், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று. சீக்கிரமே என் மகள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு அவளே போட ஆரம்பித்தாள்.

கடைசி ஐந்து ஆட்டத்தில் அம்மா இரண்டு, அண்ணன் மகள் இரண்டு, அக்கா மகன் ஒன்று. குறைவாக ஜெயித்தும் அவன் சண்டை போடவில்லை. காசைச் சேர்த்து வைப்பதா, நட்சத்திரம் வாங்குவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் நின்று யோசித்தான். முன்பு அவனுக்கு அந்த யோசனையே தேவைப்பட்டதில்லை. அண்ணன் மகள் அதுவரை சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தவள். காசுப் போனஸுக்குக் குறிவைத்து நட்சத்திரத்தைத் தாண்டிப் போய்க் காட்டினாள். என் மகள் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஐந்து ஆட்டத்திலும் கடைசிச் சுற்று வரை இருந்தாள்.

ஐந்து ஆட்டத்தை வைத்து இதுதான் சரியான விதி என்று சொல்ல வரவில்லை. மேலே போட்ட கணக்கு இந்த ஐந்துக்கும் பொருந்தும். பாயில் யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 9, கடைசி ஆட்டம். பத்தாவது சுற்று முடிந்து கோடுகளை எண்ணினால் என் மகளுக்கு நாலு, அண்ணன் மகளுக்கும் நாலு. சமமாக வந்தால் என்ன என்று நாங்கள் பேசியே வைக்கவில்லை. அண்ணன் மகள் அந்த நட்சத்திரம் கிடைத்தால் ஜெயிப்பாள், கிடைக்காவிட்டால் அக்கா மகன். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அம்மா நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் எழுதினார். அந்தக் கையெழுத்து இன்னும் பால் கணக்குக்குப் பின்னால் இருக்கிறது: "சமமா வந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஒண்ணு. இனிமே ஆரம்பிக்கும்போதே சொல்லணும்."